எலியைக் கொல்லாமல் அதன் மூளையில் ஜீன் வேலை செய்வதை அளக்க வழி உண்டா?

சுண்டெலிக்காரன்

வணக்கம். நரம்பியல் ஆய்வில் இரண்டாம் வருடத்தில் இருக்கிறேன். சுண்டெலி பயத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது, பிறகு அந்தப் பயம் எப்படி அடங்குகிறது என்பதுதான் என் தலைப்பு. நினைவு சார்ந்த மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் ஃபாஸ் ஜீன் எந்த நாளில் எவ்வளவு எழுகிறது என்று 6 வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும்.

ஃபாஸ் தெரியாதவர்களுக்கு: ஒரு நரம்பணு மும்முரமாக வேலை செய்தால் சில நிமிடங்களிலேயே விழித்துக்கொள்ளும் ஜீன் அது. 1987இல் சுண்டெலிகளுக்கு வலிப்பு வரவழைத்து, மூளையில் ஃபாஸ் புரதம் திடீரென்று பெருகுவதைக் காட்டினார்கள். அன்றிலிருந்து மூளையின் எந்த இடம் வேலை செய்தது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபாஸைத்தான் தேடுகிறார்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். சோதனை முடிந்ததும் எலியைத் திரும்பக் கூண்டில் விட்டு 90 நிமிடம் காத்திருப்பேன். புரதம் உச்சத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். பிறகு மயக்க மருந்து. நெஞ்சைத் திறந்து இதயத்தில் ஊசி ஏற்றி, முதலில் உப்புநீர், அடுத்து மூளையைக் கெட்டிப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடு. ஈரலின் சிவப்பு வடிந்து வெளிறும்போது, சரி, ரத்தம் போய்விட்டது என்று தெரியும். வால் துடித்து விறைக்கும். பிறகு மூளையை எடுத்து 40 மைக்ரான் தடிமனில் சீவி, சின்னத் தூரிகையால் ஒவ்வொரு சீவலாகக் குழித்தட்டில் மிதக்கவிட வேண்டும்.

6 நாள், நாளுக்கு 6 எலி, மொத்தம் 36. இத்தனையும் செய்த பிறகு கையில் கிடைப்பது 36 எலிகளின் தலைக்கு ஒரு கணம். முதல் நாள் மூலையில் ஒடுங்கிக் கிடந்த எலிக்கு ஆறாம் நாள் என்ன ஆகியிருக்கும் என்று அதனிடம் கேட்க முடியாது. அது முதல் நாளே போய்விட்டது.

ஒரே எலியை உயிரோடு வைத்துக்கொண்டு, அதன் மூளையில் ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று நாள்தோறும் பார்க்க இன்றைக்கு உருப்படியான வழி இருக்கிறதா? ரத்தம் எடுத்தே பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நம்பும்படியாக இல்லை.

கடைசிபெஞ்ச்

துறைக்கு வெளியே இருக்கிறவன் கேட்கிறேன். எம்ஆர்ஐ இருக்கிறதே, மூளையில் எந்த இடம் 'எரிகிறது' என்று கலர் கலராகக் காட்டுவார்களே, அது போதாதா?

ஸ்கேன்ரூம்

அந்தக் கலர் படம் காட்டுவது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை. 1990இல் செய்ஜி ஒகாவா எலிகளில் கண்டுபிடித்த விஷயம் அது. ஆக்சிஜன் போன ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் குலைக்கும், அதைத்தான் கருவி பிடிக்கிறது. அந்த இடத்தில் நரம்பணுக்கள் வேலை செய்தன என்று சொல்லலாம். எந்த ஜீன் படியெடுக்கப்பட்டது (ஜீன் வேலை செய்யும்போது அதிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கப்படும்) என்பது அதில் துளியும் கிடையாது.

எம்ஆர்ஐயில் தெரிகிற மாதிரி புரதங்களை உருவாக்கியும் பார்த்திருக்கிறார்கள். இரும்பைச் சேர்த்துவைக்கும் ஃபெரிட்டின், தண்ணீரைக் கடத்தும் அக்வாபோரின் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் புரதம் நிறைய இருந்தால்தான் கண்ணுக்குப் படும். சில நூறு அணுக்களில் கொஞ்சமாக எழும் ஜீனுக்கு அந்தக் கண் பத்தாது.

மனிதர்களில் இந்தத் திசைக்கு மிக அருகே போனது மார்ட்டினோஸ்டாட் என்ற மருந்தை வைத்து எடுத்த பெட் ஸ்கேன் (உடம்புக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று எடுக்கும் படம்) என்பேன். 2016இல் பாஸ்டன் குழு ஒன்று 8 ஆரோக்கியமான ஆட்களின் மூளையில் ஹிஸ்டோன் டீஅசிடைலேஸ் என்ற நொதி எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று படம் எடுத்தது. ஜீன்களைச் சுருட்டி மூடிவைப்பதில் பங்குள்ள நொதி அது. பூட்டு எங்கே அதிகம் என்று தெரியும், எந்த அறை பூட்டியிருக்கிறது என்று தெரியாது. தவிர, அதில் போடும் கார்பன்-11இன் அரைவாழ்வு 20 நிமிடம்தான். பக்கத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி இல்லாதவன் ஆசைப்படக் கூடாது.

மணிக்கூண்டு

வெளிச்சத்தை விட்டுவிட்டீர்களே. நான் உடல் கடிகார ஆட்களோடு பல வருடம் இருந்தவன். 2001இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அருமையான வேலை வந்தது. பெர்1 என்ற கடிகார ஜீனின் ப்ரோமோட்டரோடு (ஜீனை ஓடவிடும் முன்வாசல் துண்டு) மின்மினியின் ஒளி தரும் நொதியான லூசிஃபரேஸை ஒட்டி, அந்தச் சுண்டெலியின் மூளையில், கடிகார மையத்துக்கு மேலே, கண்ணாடி இழை ஒன்றை இறக்கினார்கள். எலி கூண்டுக்குள் தன் பாட்டுக்கு ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஜீனின் ஏற்ற இறக்கம் இழை வழியாக வெளிச்சமாக வந்தது. பகலில் ஏறி இரவில் இறங்கும் அலை. உயிரோடிருக்கும் மூளையில் ஒரு ஜீன் டிக் டிக் என்று அடிப்பதை முதன்முதலில் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆக, முடியாது என்பதில்லை. 20 வருடத்துக்கும் மேலாக முடிகிறது. தலையில் துளை போட வேண்டும், லூசிஃபரேஸ் ஒளிரத் தேவையான லூசிஃபெரினை விடாமல் உடம்புக்குள் செலுத்த வேண்டும், ஒரு இழைக்கு ஒரு இடம்தான். துளை போடாமல் மண்டையோட்டுக்கு மேலிருந்தே பார்க்கலாம் என்றால், நீலம், பச்சை ஒளியை எல்லாம் ரத்தம் குடித்துவிடும். அதற்காகத்தான் ஜப்பானில் ரிக்கன் ஆய்வு நிறுவன ஆட்கள் 2018இல் அகாலுக் என்ற லூசிஃபரேஸும் அதற்கான லூசிஃபெரினுமாக, ஒளியைச் சிவப்பு பக்கம் தள்ளிய ஒரு ஜோடியைச் செய்தார்கள். மார்மோசெட் குரங்கின் மூளை ஆழத்திலிருந்துகூட ஒளி வந்தது.

சுண்டெலிக்காரன்

மணிக்கூண்டு சார், இழை யோசனையை எங்கள் ஆய்வகத்தில் பேசினோம். பயச் சோதனையில் தலையில் கயிறு கட்டிய மாதிரி இழை தொங்கினால் எலி உறைந்து நிற்பது பயத்தாலா, இழையாலா என்று கேட்பார்களே என்று கைவிட்டோம். உயிருள்ள மூளைக்குள் லேசரால் பார்க்கும் டூ-ஃபோட்டான் மைக்ராஸ்கோப் பற்றியும் யோசித்தேன்.

மணிக்கூண்டு

டூ-ஃபோட்டானில் நீ தேடுவதற்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது தம்பி. ஃபாஸ் போலவே சட்டென்று எழும் ஆர்க் என்ற ஜீனில், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த அடையாளத் துண்டை 24 முறை அடுக்கி வைத்தார்கள். ஆர்என்ஏ உருவாகும்போதே ஒளிரும் புரதங்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அணுக்கருவுக்குள் ஒரு புள்ளி மின்னும். தென் கொரிய ஆய்வாளர்கள் 2022இல் அதை உயிருள்ள எலியின் மூளையிலேயே, நினைவு உருவாகும் நேரத்தில் பார்த்துவிட்டார்கள். படியெடுப்பையே நேரடியாகப் பார்ப்பது என்றால் அதுதான். அதற்கு மேல் துல்லியம் கேட்க முடியாது.

ஆனால் ஹிப்போகாம்பஸைப் பார்க்க மேலே இருக்கும் புறணியைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கண்ணாடி ஜன்னல் வைக்க வேண்டும். எலியின் தலையை அசையாமல் பூட்ட வேண்டும். அந்த மைக்ராஸ்கோப் என்ன விலை என்று உன் வழிகாட்டியிடம் கேட்காதே, பாவம்.

மருதாணி

ரத்த முறையைப் பற்றி நான் எழுதுகிறேன். இங்கே வதந்தி மாதிரி சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் நிஜம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் யெர்ஸி ஷப்லோவ்ஸ்கி குழு செய்தது, 2024 தொடக்கத்தில் வெளிவந்தது. 'வெளியேறும் அடையாளம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்கு வெளியே இந்த யோசனை பழசு. காஸியா என்ற ஆழ்கடல் உயிரி (இறால் வகையறாவுக்குத் தூரத்துச் சொந்தம், பொடிசு) ஒரு லூசிஃபரேஸைத் தண்ணீருக்குள் துப்பும். அதன் ஜீனை ஈரல் அணுவிலோ கட்டி அணுவிலோ வைத்தால், அணு அதை ரத்தத்துக்குள் துப்பும். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அந்த லூசிஃபரேஸை ஒளிரவைக்கும் ஊட்டுப்பொருளான சீலன்டரசின் ஊற்றி, வரும் ஒளியை எண்ணினால் உள்ளே ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். மூளையில் மட்டும் இது பலிக்கவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு, மூளை துப்பியதை வெளியே விடாது.

அந்தத் தடுப்பில் ஒரு வழிப் பாதை ஒன்று இருக்கிறது என்பதைப் பிடித்ததுதான் இவர்கள் சாமர்த்தியம். நோய் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவது மகா கஷ்டம், ஆயிரத்தில் ஒரு பங்கு போனால் அதிகம் என்பார்கள். அல்சைமர் மருந்துக்காரர்கள் இதை நினைத்துத்தான் தலையில் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் மூளைக்குள் போய்விட்ட ஆன்டிபாடி வெளியே வருவது சுலபம். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி, ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடித்து ரத்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். சரி, அந்த வாலை லூசிஃபரேஸுக்கு ஒட்டிவிட்டால்? மூளையே அதை வெளியே கொண்டுவந்து கொடுக்கும்.

எலி மூளையின் கன அளவில் சுமார் 1 சதவீதம் இருக்கும் ஒரே இடத்தில், இந்த ஜீனைச் சுமந்து செல்லும் வைரஸை ஊசியால் போட்டார்கள். ரத்தத்தில் ஒளி, ஒன்றுமில்லாத நிலையைவிட 1,00,000 மடங்கு வரை ஏறியது. பத்துக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான நரம்பணுக்கள் இருந்தாலே கண்டுபிடிக்க முடிந்தது. எம்ஆர்ஐயால் நினைத்தே பார்க்க முடியாத எண்ணிக்கை இது. உனக்கு வேண்டியதையும் செய்திருக்கிறார்கள் தம்பி: ஃபாஸுக்குக் கட்டுப்படும்படி அடையாளத்தை வைத்து, அந்த நரம்பணுக்களை மருந்தால் தூண்டினால், ரத்தத்தில் அளவு தூண்டாத எலிகளைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது.

சந்தேகப்பிராணி

மருதாணி அக்கா சொன்னதில் எல்லோரும் 1,00,000ஐப் பிடித்துக்கொள்வார்கள். நான் ஒன்றரையைப் பிடித்துக்கொள்கிறேன்.

1,00,000 மடங்கு என்பது ஜீனை எப்போதும் ஓடவிட்டு, ஒன்றுமே போடாத எலியோடு ஒப்பிட்டது. ஒன்றரை மடங்கு என்பது மருந்தால் நரம்பணுக்களைப் பலமாகத் தூண்டிய பிறகு கிடைத்தது. சுண்டெலிக்காரன் செய்யப்போவது என்ன? ஒரு பெட்டி, ஒரு சத்தம், காலில் லேசான ஷாக். அதில் ஹிப்போகாம்பஸின் எத்தனை சதவீதம் நரம்பணுக்கள் எழும்? மருந்தில் கிடைத்ததில் ஒரு துண்டு. அது எலிக்கு எலி மாறும் இரைச்சலில் மூழ்கிப்போகும்.

அடுத்தது நேரம். வெறும் காஸியா லூசிஃபரேஸ் ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆன்டிபாடி வாலை ஒட்டினால் அதே எஃப்சிஆர்என் அதை அழியவிடாமல் காப்பாற்றும், நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்கச் சௌகரியம், நேரம் பார்க்கத் தொல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் மட்டத்தை மட்டும் பார்த்து, இன்றைக்குக் காலை மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லச் சொன்னால் எப்படி? நேற்றைய தண்ணீரும் அதில்தானே இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தலைப்பில் 'ஜீன் வேலை செய்வதை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வைரஸில் அடைக்கப்போவது ஃபாஸ் ஜீன் இல்லை, அதன் முன்வாசலின் ஒரு சின்னத் துண்டு. ஜீனைச் சுமக்கப் பயன்படும் ஏஏவி என்ற வைரஸுக்குள் மொத்தமே சுமார் 4,700 எழுத்து டிஎன்ஏதான் கொள்ளும். நிஜ ஃபாஸுக்குச் சுற்றிலும் தள்ளித்தள்ளி 5 என்ஹான்சர்கள் (ஜீனின் வேலையைக் கூட்டும் டிஎன்ஏ துண்டுகள்) இருக்கின்றன. ஹார்வர்டில் கிரீன்பெர்க் குழு 2016இல் காட்டியது போல, எந்தத் தூண்டலுக்கு எந்த என்ஹான்சர் சேர்ந்து வேலை செய்கிறது என்பதே மாறுகிறது. அந்தப் பேச்சுவார்த்தைதான் ஜீன் ஒழுங்குமுறை. நீங்கள் வாசலில் நின்று ஆள் வந்தாரா என்று எண்ணுகிறீர்கள், உள்ளே யார் யாரிடம் பேசினார் என்பது தெரியாது.

மருதாணி

மூன்றாவது பாயிண்ட் முழுக்கச் சரி. ஆனால் அது கோபேயின் பெர்1 எலிக்கும் பொருந்தும், இன்று உலகத்தில் ஓடும் பாதி ஃபாஸ் வேலைகளுக்கும் பொருந்தும். இந்த முறைக்கு மட்டும் உள்ள குறை போல எழுதாதீர்கள்.

இரண்டாவதுக்கு அதே குழு அப்புறம் ஒரு வழி செய்தது. அடையாளத்தின் நடுவில் ஒரு வெட்டுமிடம் வைத்து, ரத்தத்துக்குள் அதை மட்டும் வெட்டும் நொதியைச் செலுத்தினால், பழைய ஒளி அணைந்துவிடும். அதன் பிறகு ஏறுவது புதிதாக வந்தது. உங்கள் தொட்டிக்கு அடியில் ஒரு வடிகால் வைத்துத் திறந்துவிட்ட மாதிரி. மூளைக்குள் இருப்பதை அது தொடாது, தடுப்பு அப்படி.

முதலாவதுக்குப் பதில், ஒப்பீட்டை மாற்றுங்கள் என்பதுதான். எலிக்கு எலி இரைச்சல் என்று சொன்னீர்கள். ஒரே எலியின் நேற்றையும் இன்றையும் வகுத்தால் அந்த இரைச்சலில் பெரும்பங்கு விழுந்துவிடும். வைரஸ் எவ்வளவு இறங்கியது, ஊசி அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனதா, எல்லாம் அதே எலிக்குள் ஒன்றுதான். 36 எலி முறையில் இதைச் செய்யவே முடியாது.

சந்தேகப்பிராணி

அப்படியும் விழாத ஒன்று இருக்கிறது. ஏஏவி ஊசி போட்ட பிறகு வெளிப்பாடு வாரக்கணக்கில் தானாகவே ஏறும். எலி கற்றதால் ஏறியதா, வைரஸ் ஏறியதா?

மருதாணி

அதற்குத்தான் இரண்டாவது அடையாளம். வேறொரு லூசிஃபரேஸ், அதற்கு வேறு ஊட்டுப்பொருள், எப்போதும் ஓடும் ப்ரோமோட்டர். இரண்டையும் ஒரே ரத்தத்தில் அளந்து ஒன்றை மற்றதால் வகுக்கலாம். அதோடு 3, 4 வாரம் பொறுத்து, மட்டம் நிலைத்த பிறகு சோதனையை ஆரம்பிக்க வேண்டும். அவசரப்பட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

பைப்பெட்ராணி

இத்தனை பேர் பேசுகிறீர்கள், கையில் எடுத்துச் செய்கிறவள் ஒருத்தி சொல்கிறேன். நான் ஆய்வக டெக்னீஷியன், மூளை இல்லை, கட்டி எலிகளில் காஸியா ரத்தச் சோதனை 3 வருடமாகச் செய்கிறேன்.

25 கிராம் சுண்டெலிக்கு உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிக்குக் கிட்டத்தட்ட. ஒரே தடவையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் எலி தளரும், மறுபடி ஊறச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஆகவே தினமும் எடுக்கிறவர்கள் சில மைக்ரோலிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லூசிஃபரேஸுக்கு அது போதும்.

ரத்தம் எடுக்கும்போது வாலைப் பிழியாதீர்கள். பிழிந்தால் சிவப்பணு உடையும், சீரம் ரோஸ் கலரில் வரும். காஸியாவின் ஒளி நீலம். ஹீமோகுளோபின் அந்த நீலத்தைத்தான் விழுங்கும். ரோஸ் கலர் டியூபில் குறைவான எண் வந்து, ஜீன் அடங்கிவிட்டது என்று ஒருவர் கூட்டத்தில் ஸ்லைடு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அடங்கியது ஜீன் இல்லை, அன்றைக்கு ரத்தம் எடுத்தவர் கை.

காஸியா ஒளி பட்டென்று எரிந்து அணையும். சீலன்டரசின் பட்ட சில நொடிகளிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். கையால் 96 குழியிலும் ஊற்றிவிட்டு மெதுவாகக் கருவிக்குள் வைத்தால், முதல் வரிசை எப்போதும் மங்கல், கடைசி வரிசை எப்போதும் பிரகாசம். எங்களுக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க எலிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். ஊற்றுவதும் படிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிற இன்ஜெக்டர் உள்ள கருவி வேண்டும்.

இன்னொன்று, சீலன்டரசின் தானாகவே காற்றில் எரியும், சீரத்தில் இருக்கும் ஆல்புமின் அதைக் கூட்டும். ஆகவே உங்கள் பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. ஊசி போடும் முன்பே ஒவ்வொரு எலியிடமும் ஒரு சொட்டு எடுத்து வையுங்கள். அந்த எலியின் பூஜ்யம் அந்த எலிக்குத்தான்.

கடைசிபெஞ்ச்

அக்கா, இதை மனிதர்களுக்கு எப்போது செய்வார்கள்? ஒரு ரத்தப் பரிசோதனையில் மூளைக்குள் ஜீன் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு நல்லது.

மருதாணி

சர்க்கரை பார்க்கிற மாதிரி போய்க் கையை நீட்டி எடுத்துக்கொள்ளும் டெஸ்ட் இல்லை இது. முதலில் மூளைக்குள் வைரஸ் வழியாக இந்த ஜீன் போக வேண்டும், உடம்பு அந்நியப் புரதத்தை எதிர்க்காமல் இருக்க வேண்டும். மூளைக்கு ஜீன் சிகிச்சை எப்படியும் செய்கிறவர்களுக்கு, போட்ட ஜீன் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க ஒருநாள் உதவலாம். ஆரோக்கியமான ஆளுக்கு யார் போடுவார்கள்?

மணிக்கூண்டு

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் எழுதியதுதான் இன்றைக்கும் விலங்கு நெறிமுறைக் குழுக்களின் அடிப்படை: விலங்குக்குப் பதில் வேறு வழி, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது. தம்பி, உன் விண்ணப்பத்தில் இந்த முறையை எழுதினால் இரண்டாவதும் மூன்றாவதும் தானாக நிறைவேறும். ஆனால் ஸ்லைஸை விட்டுவிடாதே.

சந்தேகப்பிராணி

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரத்தம் 'எப்போது' என்று சொல்லும், 'எந்த அணு' என்று சொல்லாது. 6 எலியை 6 நாளும் ரத்தத்தால் பார், கடைசி நாள் 90 நிமிடம் பொறுத்து அதே எலிகளின் மூளையைச் சீவி ஃபாஸை எண்ணு. கடைசி ரத்த எண்ணும் சீவலில் எண்ணியதும் எலிக்கு எலி ஒன்றாக ஏறி இறங்கினால் முந்தைய 5 நாளையும் நம்புகிறேன். இல்லாவிட்டால் இங்கேயே வந்து சொல்லு.

சுண்டெலிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு வழிகாட்டியிடம் பேசினேன். முதலில் 'அதெல்லாம் ஹூஸ்டனில் நடக்கும்' என்றார். சந்தேகப்பிராணி அண்ணன் சொன்ன கடைசி நாள் ஒப்பீட்டைக் காட்டியதும் கொஞ்சம் இறங்கினார். அழிக்கும் நொதியை இப்போதைக்கு விட்டுவிட்டோம், அதனால் 6 நாளை 3 ஆகக் குறைத்து இடைவெளியைக் கூட்டியிருக்கிறோம். நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் 36ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதியிருக்கிறேன்: 6 எலிக்குச் சோதனை, 6 எலிக்கு வெறும் பெட்டி, ஷாக் கிடையாது.

பைப்பெட்ராணி அக்கா, 'ஒவ்வொரு முறையும் எடுக்கும் ரத்த அளவு' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. இரண்டு லூசிஃபரேஸையும் இரண்டிரண்டு முறை அளக்க எவ்வளவு போடட்டும்?

பைப்பெட்ராணி

50 மைக்ரோலிட்டர் போடு. அதில் சீரம் பாதிதான் வரும், உறைந்தது போக 20 கிடைத்தால் பெரிது. ஊசிக்கு முந்தின நாள் எடுப்பதையும் சேர்த்து 4 முறை என்று எழுது, 3 என்று எழுதிவிட்டுப் பிறகு குழுவிடம் கெஞ்சாதே.

சுண்டெலிக்காரன்

4 என்று மாற்றிவிட்டேன்.